வானத்து ஜோடிகள்

தாலி கட்டியாகிவிட்டது. புரோகிதர் மணமக்களை வாசலுக்கு அழைத்து வருகிறார். வடக்குப் பக்கம் கையை நீட்டுகிறார்.

"அதோ அருந்ததி. தெரியறதாம்மா?"

"தெரியறது மாமா."

நேரம் பகல் பதினோரு மணி. வெயில் கண்ணைக் கூசுகிறது. ஆனாலும் கல்யாணப் பெண் "தெரிகிறது" என்றுதான் சொல்வாள். யாரும் அவளிடம் மறு கேள்வி கேட்பதில்லை.

திருவனந்தபுரத்தில் கரமனையிலும் கோட்டைக்குள்ளும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. சாலைக் கடைத்தெருவிலும் தமிழர்கள் நிறைய உண்டு. அவர்கள் வீட்டுக் கல்யாணங்கள் பலவற்றிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் இதே கதைதான்.

உண்மையாகவே அருந்ததியைப் பார்க்க வேண்டுமா? இரவில் பாருங்கள். மே மாதம் நல்ல மாதம். இரவு பத்து, பத்தரை மணிக்கு வடக்குப் பார்த்து நில்லுங்கள். வானத்தில் ஏழு நட்சத்திரங்கள் பெரிய அகப்பை போலத் தெரியும். நான்கு நட்சத்திரம் அகப்பையின் கிண்ணம். மூன்று நட்சத்திரம் அதன் காம்பு. இதுதான் சப்தரிஷி மண்டலம். காம்பில் நடுவில் இருப்பது வசிஷ்டர். அவரை ஒட்டினாற்போல் மங்கலாக ஒரு சிறு புள்ளி இருக்கும். அதுதான் அருந்ததி.

அருந்ததி கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஆயுள் முடியப் போகிறது என்று அந்தக் காலத்தில் பயந்தார்கள். இப்போதும் சில பாட்டிமார் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. வயதானால் கண்ணில் புரை விழும். கிட்டப்பார்வை இருந்தாலும் சிறு புள்ளிகள் தெரியாது. நகரத்துத் தெருவிளக்கு வெளிச்சத்திலும் அருந்ததி மறைந்துவிடும். அருந்ததி தெரியாதவர் போக வேண்டிய இடம் கண் மருத்துவமனை. புரையை ஒரு சின்ன அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம்.

ஒரு வீட்டில் ஆறு பேர்

நம் கண்ணுக்கு வசிஷ்டர் ஒரே நட்சத்திரம். தொலைநோக்கியில் பார்த்தால் அது இரண்டாகப் பிரிகிறது. இத்தாலியில் 1617ஆம் ஆண்டிலேயே இதைப் பார்த்துவிட்டார்கள். பிறகு அந்த இரண்டில் ஒவ்வொன்றும் ஒரு ஜோடி என்று தெரிந்தது. ஆக வசிஷ்டர் ஒருவர் இல்லை, நான்கு பேர்.

அருந்ததி மட்டும் தனி என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2009ஆம் ஆண்டில் அதற்கும் ஒரு துணை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சிறிய, சிவந்த, மிக மங்கலான நட்சத்திரம். அருந்ததியின் வெளிச்சத்தில் அது இத்தனை காலம் ஒளிந்திருந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்குக்குப் பக்கத்தில் ஊதுபத்தியின் கங்கு நம் கண்ணுக்குப் படுமா?

இப்படி ஒன்றையொன்று சுற்றிவரும் நட்சத்திரங்களுக்கு இரட்டை நட்சத்திரம் என்று பெயர். வானத்தில் இவை அபூர்வம் அல்ல. நம் சூரியனைப் போன்ற நட்சத்திரங்களில் ஏறக்குறைய பாதிக்குத் துணை உண்டு. நம் சூரியனுக்குத்தான் துணை இல்லை.

இந்த ஆறு பேரும் நம்மிடமிருந்து சுமார் 80 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறார்கள். ஒளியாண்டு என்பது காலக் கணக்கு அல்ல. அது தூரக் கணக்கு. ஒளி ஒரு நொடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். ஓர் ஆண்டு முழுவதும் அது போகும் தூரமே ஓர் ஒளியாண்டு. கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 9 லட்சத்து 46 ஆயிரம் கோடி. இன்று இரவு நாம் பார்க்கும் அருந்ததியின் ஒளி, நம் பாட்டி சிறு பெண்ணாக இருந்தபோது அங்கிருந்து கிளம்பியது.

திருவனந்தபுரத்தின் இரண்டு பக்க வானம்

வடக்கே அருந்ததியைப் பார்த்தாகிவிட்டது. அப்படியே திரும்பித் தெற்கே பாருங்கள். திருவனந்தபுரத்துக்காரருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. டில்லிக்காரருக்கு இது கிடையாது.

கையை முன்னால் நீட்டி முஷ்டியை மூடுங்கள். ஒரு முஷ்டியின் அகலம் வானத்தில் சுமார் 10 டிகிரி. தெற்கே அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டி உயரத்தில் பளிச்சென்று ஒரு நட்சத்திரம் தெரியும். அதற்கு வலப்புறம் இன்னொன்று. அவற்றுக்கும் வலப்புறம் நான்கு நட்சத்திரங்கள் சிலுவை வடிவில் நிற்கும். சிலுவைக்குத் தென்சிலுவை என்று பெயர். இடது ஓரத்தில் முதலில் பார்த்தோமே, அந்தப் பளிச்சென்ற நட்சத்திரத்துக்கு ஆல்ஃபா சென்டாரி என்று பெயர்.

டில்லியில் இது அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு போகும். புகையிலும் தூசியிலும் கண்ணுக்குத் தெரியாது. லண்டனில் இது உதிப்பதே இல்லை. பூமி உருண்டை. நாம் தெற்கே போகப் போகத் தெற்கு வானம் மேலே ஏறி வரும். திருவனந்தபுரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரை டிகிரியில் இருக்கிறது. அதனால் ஒரே இரவில், ஒரே இடத்தில் நின்று வடக்கே அருந்ததியையும் தெற்கே ஆல்ஃபா சென்டாரியையும் பார்த்துவிடலாம். பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் மார்ச் மாதம் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குக் கடலுக்குப் போகும் மீனவர்களுக்கு இது எதிரே நிற்கும்.

இந்த வசதியைப் பழைய காலத்து மன்னர் ஒருவர் பயன்படுத்திக்கொண்டார். பாட்டுகள் எழுதிப் புகழ்பெற்ற சுவாதித் திருநாள்தான் அவர். அவருக்குச் சங்கீதம்போல வானமும் பிடிக்கும். 1837ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் ஒரு குன்றின்மேல் வானாய்வு நிலையம் கட்டச் செய்தார். ஊர்க்காரர் அதற்கு நட்சத்திர பங்களா என்று பெயர் வைத்தார்கள். முதல் தலைவர் ஜான் கால்டிகாட். ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வியாபாரப் பிரதிநிதியாக இருந்தவர். வானம் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. மன்னர் அந்தப் பொழுதுபோக்கையே அவருக்கு வேலையாக்கிவிட்டார்! கருவிகள் வாங்க அவரை ஐரோப்பாவுக்கும் அனுப்பினார். 1843ஆம் ஆண்டு தோன்றிய பெரிய வால் நட்சத்திரத்தைக் கால்டிகாட் இங்கிருந்து கவனித்து அளந்தார். அவருக்குப் பின் வந்த பிரௌன் மழை, காற்று, காந்தம் ஆகியவற்றை ஆராய்ந்தார். அகத்தியர் மலை உச்சியிலும் ஒரு சிறு நிலையம் கட்டினார். குன்றின் மேல் உள்ள அந்தப் பழைய நிலையம் பிறகு கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தது.

புதுச்சேரியில் ஒரு பாதிரியார்

ஆல்ஃபா சென்டாரி ஒன்று அல்ல, இரண்டு. இதை முதலில் கண்டுபிடித்த இடம் எது தெரியுமா? நம் புதுச்சேரி.

1689ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். பிரெஞ்சுப் பாதிரியார் ழான் ரிஷோ அப்போது புதுச்சேரியில் இருந்தார். அதற்குமுன் சயாம் நாட்டில் இருந்தவர். சயாம் என்பது இன்றைய தாய்லாந்து. அங்கே அரசியல் கலகம் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. ரிஷோ தொலைநோக்கியோடு புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

அந்த மாதம் வானத்தில் ஒரு வால் நட்சத்திரம் தோன்றியது. அதைப் பார்ப்பதற்காகத் தொலைநோக்கியைத் திருப்பினார். அந்தப் பக்கம் ஆல்ஃபா சென்டாரியும் இருந்தது. வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தது, தொலைநோக்கியில் இரண்டாகத் தெரிந்தது. அவர் தேடிப் போனது வால் நட்சத்திரத்தை. கிடைத்தது இரட்டை நட்சத்திரம்.

இது உண்மையான ஜோடிதானா என்று ரிஷோவால் சொல்ல முடியாது. அது ஏன்?

ஒரு தென்னந்தோப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இரண்டு தென்னைமரங்கள் ஒட்டி நிற்பதுபோல் தெரிகின்றன. கிட்டப் போனால் ஒன்று முன்னால் நிற்கும். மற்றது நூறு அடி பின்னால் நிற்கும். நாம் நின்ற இடத்திலிருந்து ஒரே நேர்கோட்டில் இருந்தன, அவ்வளவுதான். நட்சத்திரங்களும் இப்படி ஏமாற்றும். தோப்பில் நாம் நடந்து போய்ப் பார்க்கலாம். நட்சத்திரத்தை எப்படி நடந்து போய்ப் பார்ப்பது?

காத்திருக்க வேண்டியதுதான். இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்பவர் காத்திருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே ஜோடிகளைத் திரும்பத் திரும்ப அளந்தார். சில ஜோடிகளில் ஒன்று மற்றதைச் சுற்றி மெல்ல நகர்ந்திருந்தது. 1803ஆம் ஆண்டு அதை வெளியிட்டார். நேர்கோட்டில் தற்செயலாக நிற்பவை இப்படிச் சுற்றி வராது. ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருந்தால்தான் சுற்றும்.

ஆல்ஃபா சென்டாரி ஜோடி ஒருமுறை சுற்றி முடிக்கச் சுமார் 80 ஆண்டு ஆகிறது. மனிதனின் முழு ஆயுள். ரிஷோவின் காலத்திலிருந்து இதுவரை நான்கு சுற்றுதான் முடிந்திருக்கிறது.

அக்காவும் தங்கையும்

இரண்டு நட்சத்திரம் சுற்றுவதில் நமக்கு என்ன லாபம்? லாபம் உண்டு. நட்சத்திரத்தை எடைபோட இதைவிட நல்ல தராசு கிடையாது.

சாலைக் கடையில் மிளகாய் வற்றலை எடைபோடத் தராசு வேண்டும், படிக்கல் வேண்டும். நட்சத்திரத்தை எந்தத் தட்டில் வைப்பது? அதைச் சுற்றும் இன்னொன்று இருந்தால் போதும். எவ்வளவு தூரத்தில் சுற்றுகிறது, எத்தனை காலத்தில் சுற்றுகிறது என்று பார்த்தால் எடை கிடைத்துவிடும்.

கணக்கு இதுதான். தூரத்தை மூன்று முறை பெருக்க வேண்டும். காலத்தை இரண்டு முறை பெருக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவது விடையால் வகுக்க வேண்டும். தூரத்துக்கு அளவுகோல், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம். காலத்துக்கு அளவுகோல் ஓர் ஆண்டு. விடை, "சூரியனைப்போல் எத்தனை மடங்கு எடை" என்று வரும்.

வழி சரிதானா? வியாழனை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். வியாழன் சூரியனை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டு ஆகிறது. கும்பகோணத்து மகாமகம் 12 ஆண்டுக்கு ஒருமுறை வருவது இதனால்தான். சரியாகச் சொன்னால் 11.86 ஆண்டு. வியாழனின் தூரம் நம் தூரத்தைப்போல் 5.2 மடங்கு.

5.2 × 5.2 × 5.2 = 140.6

11.86 × 11.86 = 140.66

ஒன்றை மற்றதால் வகுத்தால் 1. அதாவது ஒரு சூரியன் எடை. வியாழன் சுற்றுவது சூரியனைத்தானே! கணக்கு சரி.

இப்போது ஆல்ஃபா சென்டாரி. ஜோடிக்கு நடுவே உள்ள சராசரி தூரம் 23.3. காலம் 80.

23.3 × 23.3 × 23.3 = 12,649 (புள்ளிக்குப் பின் உள்ளதை விட்டுவிடலாம்)

80 × 80 = 6,400

வகுத்தால் ஏறக்குறைய 2. இரண்டு நட்சத்திரமும் சேர்ந்து இரண்டு சூரியன் எடை. நட்சத்திரம் இருப்பதோ நாலே கால் ஒளியாண்டுக்கு அப்பால். கணக்கு முடிந்ததோ ஒரு சிலேட்டில்.

இது மொத்த எடை. அதில் யாருக்கு எவ்வளவு? அதற்குத் தட்டாமாலை விளையாட்டைப் பாருங்கள். அக்காவும் தங்கையும் கைகோத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். இருவரும் ஒரே எடை என்றால் ஒரே அளவு வட்டம் போடுவார்கள். அக்கா கனம், தங்கை குழந்தை என்றால்? அக்கா ஏறக்குறைய நின்ற இடத்திலேயே சுழல்வாள். தங்கை பெரிய வட்டம் அடித்துப் பறப்பாள். யாருடைய வட்டம் சிறியதோ அவர் கனமானவர். ஆல்ஃபா சென்டாரியை இப்படிப் பார்த்ததில் ஒன்று சூரியனைவிடக் கொஞ்சம் கனம். மற்றது சூரியனைவிடக் கொஞ்சம் லேசு.

தெரியாத துணை

இனி ஓர் இருட்டு முற்றத்தில் அதே தட்டாமாலை நடக்கட்டும். அக்கா கையில் மட்டும் டார்ச் லைட். தங்கை கண்ணுக்குத் தெரியவில்லை. டார்ச் வெளிச்சம் ஒரு சின்ன வட்டமாகச் சுழல்வதைத் தூரத்திலிருந்து பார்க்கிறீர்கள். என்ன நினைப்பீர்கள்? "யாரோ இவளைப் பிடித்துச் சுற்றுகிறார்கள்" என்றுதானே?

ஜெர்மனியில் பெஸ்ஸல் என்ற அறிஞர் இப்படித்தான் நினைத்தார். இரவு வானத்தில் மிகப் பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ். தை, மாசி மாதங்களில் முன்னிரவில் தெளிவாகத் தெரியும். அது நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போவதை அவர் கண்டார். 1844ஆம் ஆண்டு, "இதற்குக் கண்ணுக்குத் தெரியாத துணை இருக்கிறது" என்று அறிவித்தார்.

பதினெட்டு ஆண்டு யாரும் அந்தத் துணையைப் பார்க்கவில்லை. 1862ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் ஆல்வன் கிளார்க் என்ற கண்ணாடித் தொழிலாளியின் மகன் புதிய தொலைநோக்கிக் கண்ணாடி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். தந்தை, மகன் இருவருக்குமே பெயர் ஆல்வன்தான். சோதனைக்காகச் சிரியஸைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி! சிரியஸின் வெளிச்சத்தில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பெஸ்ஸல் சொன்ன துணை அதுதான். சொன்னவர் அதற்குள் இறந்துவிட்டார்.

சென்னையில் நடந்த தவறு

பெஸ்ஸல் சொன்னதற்கும் கிளார்க் பார்த்ததற்கும் நடுவே, 1855ஆம் ஆண்டு, சென்னையில் ஒரு சம்பவம் நடந்தது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் அப்போது கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வு நிலையம் இருந்தது. 1792ஆம் ஆண்டு கட்டியது. அந்தக் காலத்துக் கருங்கல் தூண் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்துகள் வெட்டியிருக்கிறார்கள். 1855இல் நிலையத்தின் தலைவர் காப்டன் ஜேக்கப். இரட்டை நட்சத்திரங்களை அளப்பதில் தேர்ந்தவர்.

அவர் எடுத்துக்கொண்டது ஒரு மங்கலான ஜோடி. அதற்கு 70 ஒபியூக்கி என்று பெயர். திருவனந்தபுரத்தில் இது ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே போகும். ஆனால் பலர் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். இருட்டான இடத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். இரண்டும் ஆரஞ்சு நிறம். இரண்டும் சூரியனைவிட லேசு. ஒருமுறை சுற்ற 88 ஆண்டு. நம்மிடமிருந்து 16 ஒளியாண்டுக்குக் கொஞ்சம் அதிகத் தூரம்.

ஜேக்கப் பழைய அளவுகளையும் புதிய அளவுகளையும் சேர்த்துப் பார்த்தார். துணை நட்சத்திரம் கணக்குப்படி போகவில்லை. இங்கே கொஞ்சம் முன்னால், அங்கே கொஞ்சம் பின்னால். "இந்த ஜோடியோடு ஒரு கிரகமும் சேர்ந்து சுற்றுகிறது போலும்" என்று அவர் லண்டனுக்கு எழுதினார். சூரியனைத் தவிர வேறொரு நட்சத்திரத்துக்கும் கிரகம் உண்டு என்று அளவுகளைக் காட்டி ஒருவர் சொன்னது ஏறக்குறைய அதுதான் முதல் தடவை. அதுவும் நுங்கம்பாக்கத்திலிருந்து.

ஆனால் அது தவறு. அங்கே அப்படி ஒரு கிரகம் இல்லை.

தவறு எங்கே வந்தது? ஒரு ரூபாய் நாணயத்தை ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். எவ்வளவு சின்னதாகத் தெரியும்? அந்த இரண்டு நட்சத்திரத்துக்கும் நடுவே நமக்குத் தெரியும் இடைவெளி ஏறக்குறைய அவ்வளவுதான். ஜேக்கப் கண்டதாக நினைத்த ஆட்டம் அதிலும் ஒரு சிறு பங்கு. அன்றைக்கு அளந்த விதம் என்ன? தொலைநோக்கிக்குள் சிலந்தி நூலைப்போல் மெல்லிய இழை இருக்கும். அதை நட்சத்திரத்தின்மேல் கொண்டுவந்து நிறுத்திக் கண்ணால் பார்த்து அளக்க வேண்டும். காற்று அலைந்தால் நட்சத்திரமும் துடிக்கும். அளப்பவரின் கண்ணுக்குக் கண் வித்தியாசப்படும். இந்தப் பிசகுகள் சேர்ந்து கிரகம் போல வேடம் போட்டன.

ஜேக்கப் பொய் சொல்லவில்லை. அளவுகளை மறைக்கவும் இல்லை. எல்லாவற்றையும் எழுதி வைத்தார். அதனால்தான் பின்னால் வந்தவர்கள் சரிபார்க்க முடிந்தது. நாற்பது ஆண்டுக்குப் பின் அமெரிக்காவில் ஒருவர் இதே கிரகத்தை மறுபடியும் கண்டதாகச் சொன்னார். 1899ஆம் ஆண்டு மோல்டன் என்பவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: "அந்தப் பாதையில் ஒரு பொருள் நிலையாகச் சுற்றவே முடியாது." 1943இல் இன்னொரு முறையும் அந்தக் கிரகம் தலைகாட்டியது. அதுவும் நிற்கவில்லை.

கப்பலில் போட்ட கணக்கு

சிரியஸின் மங்கலான துணைக்குத் திரும்புவோம். அதை எடைபோட்டபோது அறிஞர்கள் திகைத்துப் போனார்கள். எடை ஒரு சூரியன். உருவமோ பூமி அளவுதான்! அதன் பொருளை ஒரு தேக்கரண்டியில் அள்ளினால் பத்து டன்னுக்கு மேல் இருக்கும். ஒரு லாரிச் சுமை ஒரு கரண்டியில்.

ஒரு காலத்தில் அது பெரிய நட்சத்திரமாக இருந்தது. எரிபொருள் தீர்ந்துவிட்டது. அடுப்பு அணைந்தபின் தணல் மிஞ்சுவதுபோல் உள்ளே இருந்தது மட்டும் சுருங்கி மிஞ்சியது. இதற்கு வெண்குள்ளன் என்று பெயர்.

எவ்வளவு எடைவரை இப்படிக் குள்ளனாக நிற்க முடியும்? இதற்கு விடை கண்டவர் ஒரு தமிழ் இளைஞர். சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930ஆம் ஆண்டு மேல்படிப்புக்காகப் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்போது வயது 19. பயணத்தில் சும்மா இருக்காமல் கணக்குப் போட்டார். ஓர் எல்லைக்கு மேல் எடை இருந்தால் வெண்குள்ளன் நிலைத்து நிற்க முடியாது என்று விடை வந்தது. அந்த எல்லை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேல் போனால் தன் கனத்தாலேயே உள்ளே நொறுங்கும்.

1935ஆம் ஆண்டு லண்டனில் அறிஞர் சபையில் இதைச் சொன்னார். எடிங்டன் என்ற மிகப் பெரிய அறிஞர் அடுத்ததாக எழுந்து அதைக் கேலி செய்தார். சபை சிரித்தது. இளைஞருக்கு எப்படி இருந்திருக்கும்! சந்திரசேகர் சண்டை போடவில்லை. தன் கணக்கை விட்டுக்கொடுக்கவும் இல்லை. 1983ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சபை சிரித்து 48 ஆண்டு ஆகியிருந்தது.

சிரியஸின் துணை எல்லைக்குள்தான் இருக்கிறது. அதனால் அது நொறுங்காமல் குள்ளனாகவே நிற்கிறது.

மூன்றாவது ஆள்

ஆல்ஃபா சென்டாரிக்கு இன்னும் ஒரு துணை உண்டு. 1915ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் இன்னஸ் என்பவர் கண்டுபிடித்தார். பெயர் பிராக்சிமா. "மிக அருகில் உள்ளது" என்று பொருள். சூரியனை விட்டுப் பார்த்தால் நமக்கு மிகப் பக்கத்து நட்சத்திரம் இதுதான். இதன் ஒளி நம்மிடம் வர நாலே கால் ஆண்டு போதும்.

பக்கத்து வீட்டுக்காரர்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிய மாட்டார். நம் கண்ணால் பார்க்க முடிகிற மிக மங்கலான நட்சத்திரத்தைவிடவும் நூறு மடங்கு மங்கல். எடை சூரியனில் எட்டில் ஒரு பங்கு. ஜோடியிடமிருந்து வெகுதூரம் விலகி இருக்கிறது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 13,000 மடங்கு. இது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததா, சும்மா அந்த வழியாகப் போகிறதா என்று நூறு ஆண்டு தீர்மானிக்க முடியவில்லை. 2016, 2017ஆம் ஆண்டுகளில்தான் அளந்து முடிவு செய்தார்கள். குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஜோடியை ஒருமுறை சுற்றிவர ஐந்தரை லட்சம் ஆண்டு ஆகும்.

2016ஆம் ஆண்டு வேறொரு செய்தியும் வந்தது. பிராக்சிமாவுக்கு ஒரு கிரகம் இருக்கிறது. யாரும் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. இருட்டு முற்றத்துத் தட்டாமாலைதான். 11 நாளுக்கு ஒருமுறை பிராக்சிமா நம் பக்கம் கொஞ்சம் வருகிறது, கொஞ்சம் போகிறது. அந்த ஆட்டத்தின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். நாம் கடைக்கு நடந்து போகும் வேகம்! அவ்வளவு சிறிய அசைவை ஒளியின் நிற மாற்றத்தை வைத்து அளந்திருக்கிறார்கள். இந்தத் தடவை ஆட்டம் அளப்பவரின் கண்ணில் இல்லை, நட்சத்திரத்திலேயே இருந்தது. வெவ்வேறு கருவிகளில் பார்த்தும் கிரகம் அங்கேயே இருக்கிறது. எடை, பூமியின் எடையைவிடக் குறைவு இல்லை.

ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் மழை பிடித்துக்கொள்ளும். அதன்பின் பல நாள் வானம் தெரியாது. அதனால் மேகம் இல்லாத மே மாத இரவு ஒன்றில் தெரு வெளிச்சம் படாத கடற்கரைக்குப் போங்கள். சங்குமுகமானாலும் கோவளமானாலும் சரி. வடக்கே நான்கு முஷ்டி உயரத்தில் வசிஷ்டரும் அருந்ததியும். தெற்கே இரண்டு முஷ்டி உயரத்தில் ஆல்ஃபா சென்டாரி. சிறிய தொலைநோக்கி கிடைத்தால் அது இரண்டாகப் பிரிவதைப் பார்க்கலாம். அந்த இரண்டும் 1955ஆம் ஆண்டு ஒன்றுக்கொன்று மிக அருகில் வந்தன. பிறகு விலகிப் போய் மறுபடியும் நெருங்குகின்றன. 2035ஆம் ஆண்டு மீண்டும் மிக அருகில் வரும்.